கரிசலில் ஒரு ஆல்பம் கவர்: முகத்தை வெளுக்காதீங்க, ஆளை வெட்டாதீங்க

போனில் பாட்டு ஆப்பைத் திறந்து, நீங்கள் கடைசியாகக் கேட்ட தமிழ் ராப் பாட்டின் சதுரப் படத்தை ஒரு தடவை பாருங்கள். பட்டியலில் இருக்கும்போது அது விரல் நகம் அளவு. பாட்டு ஓடும்போது ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அந்த இடத்துக்குள்தான் ஒரு ராப்பர் தன் முகம், ஊர், கோபம், கெத்து எல்லாத்தையும் அடைக்கணும்.

தீப்பெட்டியைச் சும்மா இழுக்கவில்லை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி பக்கம் பல தலைமுறைகளுக்கு வயிற்றுப்பாடே தீப்பெட்டிதான். சின்ன லேபிளில் ஒரு கிளி, ஒரு சாவி, ஒரு புலி. பெட்டிக்கடையில் நாலடி தள்ளி நிற்கிறவர் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியணும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் 'அந்தக் கிளிப் படம் போட்டது குடுங்க' என்று கேட்டு வாங்கணும். உள்ளங்கைக்குள் அடங்கும் படத்தில் ஒரே ஒரு விஷயத்தைக் காட்டும் வித்தை இந்த ஊருக்குப் புதுசு இல்லை. ஆனால் இந்த ஊர்ப் பையன்கள் ராப் பாட்டு போடும்போது மட்டும் அது எங்கே போய்விடுகிறது?

எனக்கு இந்தக் கேள்வி வந்தது கோவில்பட்டியில் ஒரு நண்பரின் ஸ்டூடியோவில். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று ஓடுகிற சாதாரண ஸ்டூடியோ. விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பையன் வந்தான். டிப்ளமோ முடித்து வெளியூரில் வேலை. லீவில் வந்து நாலு பாட்டு ரெக்கார்ட் பண்ணியிருக்கிறான். "கவர் போட்டோ எடுக்கணும்ணே" என்று போனில் இருபது மாதிரிப் படம் காட்டினான். எல்லாமே அமெரிக்கா. கூலிங் கிளாஸ், செயின், விலையுயர்ந்த கார்.

நண்பர் தெரிந்தவரிடம் ஒரு வெள்ளைக் காரை வாங்கி வந்தார். பைபாஸில் நிறுத்தி எடுத்தார்கள். பிறகு சிஸ்டத்தில் பின்னணியை வெட்டி, ராத்திரி நேரத்து வெளிநாட்டு நகரம் ஒன்றை ஒட்டினார்கள். கடைசியாகப் பையன் கொஞ்சம் தயங்கிக் கேட்டான். "அண்ணே, மூஞ்சிய மட்டும் கொஞ்சம் கலரா ஆக்கிருங்க."

படம் சுத்தமாகத்தான் வந்தது. ஆனால் பாட்டு எதைப் பற்றி தெரியுமா? விடியக்காலை அவன் அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிற தீப்பெட்டி ஆபீஸ் வேனைப் பற்றி. கவரைப் பார்த்துவிட்டுப் பாட்டைக் கேட்டால் ரெண்டும் வேற வேற ஆளுடையது மாதிரி இருந்தது.

அந்த 'லுக்' எங்கிருந்து வந்தது?

பையனைக் குறை சொல்ல மாட்டேன். ஹிப் ஹாப் கவர் என்றாலே இப்படித்தான் என்று நம் எல்லோர் மண்டையிலும் ஏறியிருக்கிறது. ஆனால் அந்த இசையின் பெரிய கவர்களை எடுத்து வைத்துப் பார்த்தால் கதை வேற.

1994-ல் வந்த நாஸின் 'இல்மாட்டிக்' கவரில் செயினும் இல்லை, காரும் இல்லை. நாஸின் சின்ன வயசு முகம். அவருடைய அப்பா எடுத்த போட்டோ. அதன் மேல் கலந்து தெரிவது அவர் வளர்ந்த குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பின் தெரு. அதை எடுத்தவர் டேனி கிளிஞ்ச். 2012-ல் கென்ட்ரிக் லாமரின் 'குட் கிட், மேட் சிட்டி' கவர், வீட்டில் கிடந்த ஒரு பழைய பொலராய்டு. குழந்தையாக கென்ட்ரிக், சுற்றிலும் குடும்பத்துப் பெரியவர்கள். பெரியவர்களின் கண்ணை மட்டும் கறுப்புப் பட்டை மறைத்திருக்கும். நம் வீட்டுப் பீரோவில் கிடக்கிற ஆல்பத்திலிருந்து ஒரு போட்டோவை உருவிப் போட்ட மாதிரி. 1988-ல் பப்ளிக் எனிமி குழுவை க்ளென் ஈ. ஃப்ரீட்மேன் சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் நிறுத்தி எடுத்தார். நைஜீரியாவில் பிறந்த சி மோடு என்ற போட்டோகிராபர், 1996-ல் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி-யை நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் பின்னால் தெரிய எடுத்த படம் இன்றைக்கும் சட்டைகளில் அச்சாகி ஓடுகிறது.

இவர்கள் யாரும் 'லுக்' தேடிப் போகவில்லை. தெருவில் இருந்தது, வீட்டில் இருந்தது, கோபத்தில் இருந்தது, அதை எடுத்தார்கள். நாம் காப்பி அடிக்க வேண்டியது அந்த வேலையை. அவர்கள் தெருவை அல்ல.

உடனே ஒருவர் கேட்பார்: "அப்போ கோவில்பட்டி ராப்பர் என்றால் லுங்கி கட்டிக்கொண்டு வெடிச்ச கரிசலில் நிற்கணுமா?" இல்லவே இல்லை. அது இன்னொரு வேஷம். 'கர்ணன்' வந்த பிறகு இந்தப் பக்கம் எடுக்கிற பாட்டு வீடியோக்களில் கழுதையும் குதிரையும் பொட்டல் மேடும் ரொம்பவே வர ஆரம்பித்துவிட்டன. மாரி செல்வராஜுக்கு அவை கதைக்குத் தேவைப்பட்டன. மற்றவர்களுக்கு வெறும் ஃபில்டர்.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடை ஏறியபோது எப்படி வந்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? கானா, பறை, ராப் எல்லாம் கலந்த அந்தக் குழு கோட் சூட்டில் வந்தது. அம்பேத்கரை நினைக்காமல் அந்தப் படத்தைப் பார்க்க முடியாது. கானா பாடுகிறவர் எப்படி உடுத்தணும் என்று நாம் நினைத்து வைத்திருந்ததை ஒரே போட்டோ உடைத்துப்போட்டது. கோட் சூட் அங்கே கடன் வாங்கின லுக் இல்லை, சொல்ல வந்த விஷயமே அதுதான். அதனால் கூலிங் கிளாஸ் போடுங்கள், கார் மேல் உட்காருங்கள். பாட்டில் அந்தக் கார் இருக்கணும், அவ்வளவே என் கேள்வி.

'கலர்' என்றால் என்ன நிறம்?

தமிழில் ஒரு விசித்திரம் உண்டு. 'பொண்ணு நல்ல கலரு' என்றால் வெள்ளை என்று அர்த்தம். கறுப்பு ஒரு கலரே இல்லை போல. பையன் கேட்டதும் அந்த அர்த்தத்தில்தான். கல்யாண ஆல்பத்தில் பழகிய கை, கேட்டவுடன் செய்துவிடுகிறது. இப்போது கேட்கவே வேண்டாம், பல போன்களில் 'பியூட்டி' வசதி தானாகவே தோலை வெளுத்து, மாவு பூசிவிடுகிறது.

இதில் மெஷினுக்கும் பங்கு உண்டு. கோடாக் பிலிம் காலத்தில் கலர் பிரிண்ட் போடும் லேப்களுக்கு 'ஷெர்லி கார்டு' என்று ஒரு படம் வரும். வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் முகம் சரியாக வந்தால் மிஷின் சரி என்று வைத்துக்கொள்வார்கள். கறுத்த முகம் இருட்டுக் குழியாகப் போனால் அது முகத்தின் குற்றம். பிறகு பிலிம் திருந்தியதற்கு ஒரு காரணம், மர நாற்காலிகளும் சாக்லேட்டும் படத்தில் சரியாக வரவில்லை என்று கம்பெனிகள் புகார் சொன்னதுதான். மனிதர்கள் சொன்னபோது கேட்காத காது, சாக்லேட்டுக்குத் திறந்தது. 2021-ல் கூகுள் பிக்சல் போனில் 'ரியல் டோன்' என்று கறுத்த தோலுக்குத் தனிக் கவனம் கொடுத்ததாக விளம்பரம் செய்தார்கள். அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

கரிசல் மண்ணில் எடுக்கும்போது இன்னொரு சிக்கல். கேமராவுக்கு மூளை கிடையாது. கண்ணில் படுவதை எல்லாம் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். படம் முழுக்கக் கறுப்பு மண் இருந்தால் 'அடடா இருட்டு' என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும். கரிசல் சிமென்ட் கலருக்கு வந்துவிடும், நெற்றியும் கன்னமும் வெந்த மாதிரி வெளுத்துவிடும். அதே ஆளை வெள்ளை வானத்துக்கு முன்னால் நிறுத்தினால் நேர் எதிர்: வானம் அழகாக இருக்கும், ஆள் நிழலாகிவிடுவார். ரெண்டு இடத்திலும் 'முகத்தை அப்புறம் சிஸ்டத்துல பாத்துக்கலாம்' என்று விடுகிறோம். அங்கேதான் வெளுப்பு வேலை ஆரம்பிக்கிறது.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். போனாக இருந்தால் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள்; பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கேமராவாக இருந்தால் முகத்தில் மட்டும் அளந்து, அதையே வைத்துக்கொள்ளுங்கள். மண் கறுப்பாகவே இருக்கட்டும். அது கரிசல், கறுப்பாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. தேரி மணலோ கடற்கரையோ வெளிச்சத்தைத் திருப்பி முகத்துக்கு அனுப்பும். கரிசல் அனுப்பாது, குடித்துவிடும். அதனால் கண்ணுக்குக் கீழேயும் தாடைக்குக் கீழேயும் நிழல் கெட்டியாக விழும். ஒரு தெர்மாகோல் அட்டை, அல்லது நாலாக மடித்த வெள்ளை வேட்டியை இடுப்பு உயரத்தில், படத்தில் விழாமல் பிடித்தால் முகம் எழுந்து வரும். உச்சி வெயிலை மறந்துவிடுங்கள். கோவில்பட்டி இருக்கிற இடத்துக்கு ஏப்ரல் பாதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். கண் இருக்கிற இடத்தில் ரெண்டு குழிதான் வரும். எனக்குப் பிடித்தது ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை. மண் அதன் முழுக் கறுப்பில் இருக்கும். செருப்பில் அரைக்கிலோ ஒட்டும், அதைப் பொறுத்துக்கொள்ளணும். ஆடிக்காற்றில் போனால் தூசிக்குள் லென்ஸை மட்டும் கழற்றி மாட்டாதீர்கள், நான் பட்டிருக்கிறேன்.

படத்துக்குள் யார், வெளியே யார்?

முகத்தை வெளுப்பது பாதி அழிப்பு. முழு அழிப்பு என்னவென்று 2021-ல் பார்த்தோம்.

அந்த ஆண்டு மார்ச் 7-ல் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. அறிவும் தீயும் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது, மாஜா வெளியிட்டது. வரிகள் அறிவுடையவை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாமல் திரும்பி வந்த தன் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து அந்தப் பாட்டு வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும், கனடாவில் வாழும் ஈழத் தமிழ் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. டிஜே ஸ்னேக் செய்த ரீமிக்ஸுக்கு நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் வைத்த விளம்பரத்திலும் தீ இருந்தார், டிஜே ஸ்னேக் இருந்தார். அறிவு இல்லை.

பா. இரஞ்சித் ட்விட்டரில் இதைப் பகிரங்கமாகக் கேட்டார். 'நீயே ஒளி', 'எஞ்சாயி எஞ்சாமி' ரெண்டிலும் எழுத்தாளராக இருந்தவர் மறுபடியும் மறைக்கப்பட்டிருக்கிறார், அந்த வரிகள் எதிர்ப்பதே இந்த மறைப்பைத்தானே என்றார். விவாதம் பெரிதானது. சில நாட்களில் அதே இதழ் அறிவை வைத்து ஒரு டிஜிட்டல் அட்டை வெளியிட்டது.

பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று 2022-ல் அறிவும் சந்தோஷ் நாராயணனும் தீயும் தனித்தனியாக அறிக்கை விட்டார்கள். ஒவ்வொருவர் சொன்னதும் ஒவ்வொரு விதம். அந்தப் பஞ்சாயத்துக்கு இங்கே நான் போகவில்லை. தீயும் ஷானும் திறமைசாலிகள், அட்டையில் இருக்கத் தகுதி உள்ளவர்கள். என் பேச்சு போட்டோவைப் பற்றி மட்டும். நிலம் இல்லாதவர்களின் பாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோகிறோம். அந்தப் பாட்டை எழுதிப் பாடியவருக்குப் படத்தில் நிற்க ஓர் அடி இடம் இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்திருக்கணும் என்று அவசியம் இல்லை. ஷூட் நாள், கைக்குக் கிடைத்தவர்கள், மார்க்கெட்டிங் கணக்கு, 'அட்டைக்கு இவங்க போதும்' என்ற ஒரு வார்த்தை. இப்படித்தான் ஆள் காணாமல் போவார். அதுதான் பயமாக இருக்கிறது.

பின்னால் வந்த டிஜிட்டல் அட்டை நல்ல விஷயம்தான். ஆனால் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு கூப்பிட்டு உட்கார வைத்தால் எப்படி இருக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்கவேண்டியது இல்லை.

கோவில்பட்டி அளவில் இது இன்னும் சின்னதாக, தினமும் நடக்கிறது. பீட் போட்டவன் படத்தில் இல்லை. கோரஸ் பாடிய அக்கா இல்லை. தவில் அடித்தவர் 'லுக்குக்கு செட் ஆகல' என்று ஓரமாக நிற்கிறார். கார் கொடுத்தவர் மட்டும் இருக்கிறார்.

ஓரத்தில் ஒரு கையெழுத்து

போட்டோ எடுத்தவர் பெயர்? அதுவும் இல்லை. எல்பி ரெக்கார்டு காலத்தில் பின்னட்டையில் படம் எடுத்தவர் பெயர் அச்சாகும். இன்றைக்கு ஸ்பாட்டிஃபையில் பாட்டின் கிரெடிட்டைத் திறந்தால் பாடியவர், எழுதியவர், தயாரித்தவர் பெயர் வரும். கவர் எடுத்தவருக்கு அங்கே ஒரு கட்டமே கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டர்கள் 3000-க்கு 3000 பிக்சல் சதுரப் படம் ஒன்றைக் கேட்கிறார்கள். அதை எடுத்தது யார் என்று கேட்பதில்லை.

இந்த விஷயத்தில் கோவில்பட்டிக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. சி. கொண்டையராஜு. 1898-ல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக்கொண்டு ஊர் ஊராக வந்தவர், 1940-களில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். இங்கே சீடர்களோடு தேவி ஆர்ட் ஸ்டூடியோ நடத்தினார். அவர் எழுதிய லட்சுமியும் முருகனும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசியில் காலண்டராக அச்சாகி, தமிழ்நாட்டில் எத்தனை வீட்டுப் பூஜை அறைக்குப் போயிருக்கும் என்று கணக்கே இல்லை. 1976-ல் காலமானார். அந்தக் காலண்டர்களின் மூலையில் பாருங்கள், சின்னதாகக் கையெழுத்து இருக்கும். சாமி படத்திலேயே வரைந்தவர் பெயர் போட இடம் இருந்திருக்கிறது. ராப்பர் படத்தில் இல்லாமல் போய்விட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் பல ஸ்டூடியோக்காரர்களுக்குத் தெரியாது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். அதாவது ராப்பர் பணம் கொடுத்திருந்தால் கவர் அவருடையது. ஆனால் 57-ம் பிரிவு தனியாக நிற்கிறது: உரிமை கைமாறினாலும் 'இதை எடுத்தது நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எடுத்தவரிடமே இருக்கும். இதற்குப் பெரிய பத்திரம் எல்லாம் வேண்டாம். எவ்வளவு காசு, எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், பெயர் எங்கே வரும் என்று மூன்று வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, எதிரில் இருப்பவர் 'சரிண்ணே' என்று போட்டால்கூட, பின்னால் பேச ஓர் ஆதாரம் கிடைக்கும். இது ராப்பருக்கும் பாதுகாப்பு. நாளைக்கு யாராவது அந்தப் படத்தை டீ-சர்ட்டில் அடித்தால் யாரிடம் கேட்பது என்று அவருக்கும் தெரியணுமே.

போன மாசம் அந்தப் பையன் மறுபடி வந்தான். வேன் பாட்டை மாற்றி ரெக்கார்ட் பண்ணியிருக்கிறான், புதுக் கவர் வேணும். இந்தத் தடவை மாதிரிப் படம் எதுவும் காட்டவில்லை. "அந்த ஸ்டாப்புலயே எடுப்போம்ணே, வேன் வர்ற நேரத்துக்கு" என்றான். விடியக்காலை நாலே முக்காலுக்கு நாங்கள் மூன்று பேரும் அவன் ஊர் விலக்கில் நின்றோம். வேனுக்காகப் பத்துப் பெண்கள் தூக்குவாளியோடு நின்றார்கள், அதில் அவன் அம்மாவும் ஒருவர். "என்னைய எதுக்குப்பா, நான் தலைகூடச் சீவல" என்று நகர்ந்துவிட்டார். மற்றவர்களும் முந்தானையை இழுத்து முகத்தை மூடினார்கள்.

நண்பருக்கு மனசு கேட்கவில்லை. "தள்ளி நின்னு லாங் லென்ஸ்ல எடுத்துருவேன், அவங்களுக்கே தெரியாது" என்றார். நல்ல படம் கிடைத்திருக்கும், சந்தேகமே இல்லை. எனக்கும் உள்ளூர ஆசைதான்.

"வேண்டாம்ணே. பாட்டு அவங்களப் பத்தினது. அவங்களே வேண்டாம்னா விட்ருங்க."

கடைசியில் வேனின் ஹெட்லைட் வெளிச்சத்தில் அவனை மட்டும் எடுத்தார். மேக்கப் இல்லை, தெர்மாகோல் இல்லை. பாதி முகம் வெளிச்சத்தில், மீதி அவன் நிறத்திலேயே இருட்டோடு கலந்து. ஒரு தூக்குவாளி ரோட்டோரம் கீழே இருந்தது, அது அவன் அம்மாவுடையது. அதைப் படத்தில் வைக்கலாமா என்று அவரிடம் கேட்டான். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

ஸ்டூடியோவுக்குத் திரும்பி வந்து நண்பர் பில் புக்கை எடுத்தார். 'கவர் போட்டோ 1' என்று எழுதி, தொகை போட்டு, பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அதன் கீழேயே இன்னொரு வரி எழுதினார்: 'போட்டோ என்று என் பெயர் போட வேண்டும்.' பையன் அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டான்.